காரீயம் முதல் கிராஃபீன் வரை: மின்கலக் கரியின் பெயர் வரலாறு

நம் கைப்பேசியின் மின்கலத்தில், எடைக்கணக்கில் பார்த்தால், லித்தியத்தைவிடப் பன்மடங்கு கார்பன் இருக்கிறது. மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் சென்று தங்க இடம் கொடுப்பது அந்தக் கார்பன்தான். ஆயினும் கலத்தின் பெயரில் லித்தியம் உண்டு, கார்பன் இல்லை. தங்க வந்தவர் பெயரை வீட்டுக்கு வைத்துவிட்டு வீட்டுக்காரரை மறந்த கதை இது.

மொழியியல் பயின்றவர்கள் ஒரு பொருளின் வரலாற்றை அதன் பெயர்களின் வழியாகப் படிக்கப் பழகியிருப்பார்கள். மின்கலக் கரியின் வரலாற்றை அவ்வாறு படித்தால் ஒரு செய்தி மீண்டும் மீண்டும் தென்படுகிறது. பொருள் முன்பே கையில் இருந்திருக்கிறது. தவறான பெயரிலோ, பெயரில்லாமலோ, பிறர் படிக்காத மொழியிலோ கிடந்திருக்கிறது. எல்லோரும் ஏற்கும் பெயர் கிடைத்த நாளே பெரும்பாலும் கண்டுபிடிக்கப்பட்ட நாளாக நினைவில் நிற்கிறது. இதனால் யாருக்குப் புகழ் சேர்ந்தது, யாருடைய உழைப்பு மறைந்தது என்பதும், தமிழில் அறிவியல் எழுதுவோர் இதிலிருந்து எதைக் கற்கலாம் என்பதுமே இந்த நீள்பதிவின் பொருள்.

*

முதலில் கிராஃபைட். இங்கிலாந்தின் பாரோடேல் பகுதியில் 16ஆம் நூற்றாண்டில் தூய கிராஃபைட் படிவு கிடைத்தபோது, அதைக் கண்டவர்கள் ஒருவகை ஈயம் என்றே எண்ணினர். கரிய ஈயம் என்றும், ஈயத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிளம்பேகோ என்றும் அழைத்தனர். 1779இல் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே அப்பொருளை ஆராய்ந்து, அதில் ஈயம் இல்லை, அது கார்பனின் ஒரு வடிவமே என்று காட்டினார். 1789இல் ஜெர்மானியக் கனிமவியலாளர் வெர்னர், 'எழுதுதல்' என்னும் பொருள்படும் கிரேக்க வினையிலிருந்து கிராஃபைட் என்ற பெயரை ஆக்கினார். அதன் பின்னும் பழைய பெயர் மறையவில்லை. பென்சிலின் உள்ளே இருப்பதை ஆங்கிலத்தில் இன்றும் ஈயம் என்றே சொல்கிறார்கள்.

தமிழும் இதே பாதையில் நடந்திருக்கிறது. காரீயம் என்பது கார் + ஈயம், அதாவது கரிய ஈயம். அதன் இணைச்சொல் வெள்ளீயம். பண்டைய ரோமானியரும் ஈயத்தைக் கரியது என்றும், வெள்ளீயத்தை வெளியது என்றும் ஒரே பெயர்ச்சொல்லின்மீது இரண்டு அடைகளை ஏற்றியே வேறுபடுத்தினர். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு உண்மையில் வெள்ளீயம் என்பதை நினைத்தால், வெறும் 'ஈயம்' எவ்வளவு நெகிழ்வான சொல் என்பது விளங்கும். இன்று தமிழ்நாட்டுப் பாடநூல்களில் காரீயம் என்றால் ஈய உலோகம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களிலோ காரீயம் என்றால் கிராஃபைட். பொகல, கஹட்டகஹ சுரங்கங்களில் வெட்டியெடுக்கப்படும் கனிமம். ஆகவே 'காரீய மின்முனை' என்று ஒருவர் எழுதினால், சிவகங்கையில் படிக்கும் மாணவர் வாகனங்களில் உள்ள அமில மின்கலத்தை நினைப்பார். யாழ்ப்பாணத்தில் படிப்பவர் கைப்பேசியை நினைக்க இடமுண்டு. கிராஃபைட் வெட்டியெடுக்கப்படும் மாவட்டம் சிவகங்கை என்பது இதில் கூடுதல் சுவை.

*

இரண்டாவது சொல், கிராஃபைட்டின் அடுக்குகளுக்கிடையே பிற பொருள்கள் நுழைவதைக் குறிப்பது. கிராஃபைட் என்பது கார்பன் அணுக்களாலான தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது. ஒரு தாளுக்குள் பிணைப்பு மிக வலியது. தாளுக்கும் தாளுக்கும் இடையே மெலிந்தது. இரண்டு தாள்களுக்கு இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 0.335 நானோமீட்டர். அந்த இடைவெளியில் கந்தக அமிலம் புகக்கூடும் என்பதை 1840ஆம் ஆண்டளவில் ஷாஃப்ஹாய்ட்ல் அறிவித்தார். 1859இல் ஆக்ஸ்ஃபோர்டின் பெஞ்சமின் பிராடி கிராஃபைட்டை வலிய ஆக்சிஜனேற்றிகளோடு வினைபுரியச் செய்து, இன்று கிராஃபைட் ஆக்சைடு எனப்படுவதைப் பெற்றார். தான் ஒரு தனித்தன்மையுள்ள கார்பனைக் கையாள்வதாகக் கருதி அதற்கு 'கிராஃபான்' என்று பெயரும் சூட்டினார். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. அதே 1859இல்தான் பிரான்சில் பிளான்டே ஈய-அமில மின்கலத்தை உருவாக்கினார். மீள்மின்னேற்றம் செய்யத்தக்க கலம் ஒருபுறமும், அதில் பின்னாளில் ஈயத்தின் இடத்துக்குப் போட்டியிடப்போகும் கரி மறுபுறமும், ஒன்றையொன்று அறியாமல் ஒரே ஆண்டில் ஆய்வகங்களில் இருந்தன.

அடுக்குகளுக்குள் நுழைவதை ஐரோப்பிய மொழிகள் 'இன்டர்கலேஷன்' என்கின்றன. ஆண்டுக்கணக்கைச் சரிசெய்ய நாட்காட்டியில் நாளையோ மாதத்தையோ புகுத்துவதே அச்சொல்லின் முதற்பொருள். தமிழில் இதற்கு இடைச்செருகல் என்ற சொல் வழங்கத் தொடங்கியிருக்கிறது. பதிப்பு வரலாறு தெரிந்தவர்களுக்கு இச்சொல் சட்டென உறுத்தும். சுவடிகளில் பிற்காலத்தார் நுழைத்த பாடல்களைத்தானே இடைச்செருகல் என்போம்? அங்கே செருகப்பட்டது அயலானது, கண்டறிந்து நீக்க வேண்டியது, நீக்குவதும் எளிதன்று. மின்கலத்திலோ செருகல் என்பது கலத்தின் உயிர். நுழைவதும் வெளியேறுவதும் அடுக்கின் கட்டமைப்பு குலையாமல் ஆயிரம் முறை நிகழ வேண்டும். இந்த மீள்தன்மையே நவீன மின்கலத்தின் அடிப்படை என்பதால், சொல்லைப் பயன்படுத்தும்போது பொருள் எங்கே மாறுகிறது என்பதை ஆசிரியர்கள் வகுப்பில் ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது.

*

இதைவிடச் சிக்கலானது மின்முனைகளின் பெயர். 1834இல் மைக்கேல் ஃபாரடே, மொழிப்புலமை மிக்க வில்லியம் ஹியூவெலின் துணையோடு ஆனோடு, கேத்தோடு, அயனி ஆகிய சொற்களைப் படைத்தார். மின்னோட்டம் என்பது உண்மையில் எதன் ஓட்டம் என்று அன்று தெரியாது. நாளை ஒரு கொள்கை மாறினால் பெயர் பொய்யாகிவிடக் கூடாது என்று எண்ணி, கதிரவன் எழும் திசை, விழும் திசை என்னும் உவமையில் 'மேல்வழி', 'கீழ்வழி' என்று பொருள்தரும் கிரேக்கச் சொற்களை அவர்கள் தேர்ந்தனர். மின்சுமையின் குறியைப் பெயரில் ஏற்ற வேண்டாம் என்ற கவனம் அதில் உண்டு.

நாம் அச்சொற்களைத் தமிழாக்கியபோது, ஆனோடை நேர்மின்வாய் என்றும் கேத்தோடை எதிர்மின்வாய் என்றும் ஆக்கினோம். மின்னாற்பகுப்பில் இது பொருந்தும். ஆனால் மின்சாரத்தை வெளியிடும் மின்கலத்தில் ஆனோடு எதிர்க்குறி கொண்டது. ஆகவே மேனிலைப் பள்ளி மாணவர் 'நேர்மின்வாய் எதிர்க்குறி உடையது' என்று எழுத நேர்கிறது. மாணவர் குழம்பினால் அது அவர் குற்றமன்று. ஃபாரடே விலக்கிய பொறியை நாம் மொழிபெயர்ப்பில் மீண்டும் வைத்துவிட்டோம். அனோட்டு, கதோட்டு என்று ஒலிபெயர்த்துக்கொண்ட இலங்கைப் பாடநூல்கள் இந்த இடரிலிருந்து தப்பின. இப்பதிவில் கிராஃபைட் இருக்கும் பக்கத்தை நான் எதிர்முனை என்றே குறிக்கிறேன். மின்னேற்றினாலும் இறக்கினாலும் அந்தப் பெயர் மாறாது.

*

அந்த எதிர்முனைக்குக் கிராஃபைட் வந்து சேர்ந்த கதை நேர்கோட்டில் நடந்ததன்று. லித்தியம் உலோகத்தையே எதிர்முனையாக வைத்த மீள்மின்னேற்றக் கலங்களில், மின்னேற்றத்தின்போது உலோகம் ஊசிபோல் வளர்ந்து மறுமுனையைத் தொட்டுத் தீப்பற்றும் இடர் இருந்தது. லித்தியத்தை உலோகமாக வைக்காமல் அயனியாக ஓர் அடுக்கமைப்பினுள் ஒளித்து வைத்தால் என்ன என்பது 1970களில் பலரும் எண்ணிய வழி. ஆறு கார்பன் அணுக்களுக்கு ஒரு லித்தியம் என்ற அளவில் கிராஃபைட் லித்தியத்தை ஏற்கும். அதன்படி ஒரு கிராம் கிராஃபைட்டின் கொள்திறன் 372 மில்லியாம்பியர்-மணி. ஆனால் அன்று வழக்கிலிருந்த புரோப்பிலீன் கார்பனேட் கரைப்பான், கிராஃபைட்டின்மேல் சிதைந்து அடுக்குகளையே உரித்தது. கிராஃபைட் உதவாது என்ற முடிவுக்குப் பலர் வந்தனர்.

அந்த முடிவை ஏற்காதவர்கள் பல இடங்களில் இருந்தனர். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய சமர் பாசு 1980களின் தொடக்கத்தில் லித்தியம்-கிராஃபைட் எதிர்முனைக்குக் காப்புரிமை பெற்றார். பிரான்சின் கிரெனோபிளில் மொராக்கோவில் பிறந்த ரஷீத் யாசமி, திரவத்துக்குப் பதில் திண்மப் பலபடி மின்பகுளியைக் கொண்டு கிராஃபைட்டில் லித்தியம் மீள்முறையில் நுழைந்து வெளியேறுவதைக் காட்டினார். 1983இல் அது வெளியானது. ஜப்பானில் அசாஹி கசே நிறுவனத்தின் அகிரா யோஷினோ, 1983இல் பாலிஅசிட்டிலீன் என்னும் மின்கடத்தும் பலபடியை எதிர்முனையாக வைத்துத் தொடங்கினார். அது எடை குறைந்தது, ஆனால் அடர்த்தியும் குறைவு. கலம் லேசாகும், சிறிதாகாது. எனவே அவர் கார்பனின் பக்கம் திரும்பினார். முதலில் அவருக்குப் பயன்பட்டது, வாயுநிலையிலிருந்து வளர்க்கப்பட்ட கார்பன் இழை. பின்னர் பெட்ரோலியக் கோக். இந்த இழையை நினைவில் வையுங்கள். மீண்டும் அதனிடம் வருவோம்.

1989இல் கனடிய நிறுவனமொன்றின் லித்தியம் உலோகக் கலங்கள் கைப்பேசிகளில் தீப்பற்றியதால் திரும்பப் பெறப்பட்டன. 1990இல் சோனி ஆய்வாளர்கள் தம் கலத்தைப் பற்றி வெளியிட்ட கட்டுரையின் தலைப்பில் 'லித்தியம் அயனி' என்ற தொடர் இடம்பெற்றது. ஆய்வாளரிடையே முன்பு வழங்கியது 'ஆடுநாற்காலிக் கலம்' என்ற பெயர். அயனிகள் இருமுனைகளுக்கிடையே போய்வருவதைக் காட்டும் பெயர். தமிழில் ஊஞ்சல் கலம் என்று சொல்லியிருக்கலாம். சந்தைக்குச் சென்றது புதிய பெயரே. உலோகத்தைக் கண்டு அஞ்சியிருந்த காலத்தில், 'அயனி' என்ற ஒரு சொல் உள்ளே உலோகம் இல்லை என்பதைச் சொல்லாமல் சொன்னது. 1991இல் சோனி விற்பனையைத் தொடங்கியபோது எதிர்முனையில் இருந்தது கோக் வகைக் கார்பன். எத்திலீன் கார்பனேட் கரைப்பான் கிராஃபைட்டின்மேல் ஒரு காப்புப் படலத்தை உருவாக்கி அடுக்குகளைக் காக்கும் என்பதை 1990இல் ஃபாங், ஃபான் சாக்கென், டான் ஆகியோர் விளக்கியதன் பின்னர், தொழில்துறை படிப்படியாகக் கிராஃபைட்டுக்கு மாறியது. 2019இல் வேதியியல் நோபல் பரிசு குட்இனஃப், விட்டிங்ஹம், யோஷினோ மூவருக்கும் சென்றது. ஒரு பரிசை மூவருக்குமேல் பகிர முடியாது; பாசுவும் யாசமியும் அந்த வரம்புக்கு வெளியே நின்றனர்.

*

இப்போது அந்த இழை. இரும்பு போன்ற உலோகத் துகள்களின்மேல் கார்பன் உள்ள வாயுக்களைச் சூடாக்கினால் முடிபோன்ற கார்பன் இழைகள் வளரும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதற்குக் காப்புரிமை உண்டு. 20ஆம் நூற்றாண்டின் நடுவில், பெட்ரோலிய உலைகளிலும் அணு உலைகளிலும் வேலைசெய்தவர்களுக்கு இவை தொல்லை. குழாய்களை அடைக்கும் கசடு. எப்படி வளராமல் தடுப்பது என்பதே கேள்வியாக இருந்தது. 1952இல் சோவியத் ஆய்வாளர்கள் ராதுஷ்கேவிச்சும் லுக்யானோவிச்சும், இரும்பின்மேல் கார்பன் மோனாக்சைடைச் சிதைத்துக் கிடைத்த இழைகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம்பிடித்தனர். அவை உள்ளீடற்ற குழாய்கள் என்பதும், விட்டம் 50 நானோமீட்டர் அளவினது என்பதும் படங்களில் தெரிந்தன. கட்டுரை ரஷ்ய மொழியில், சோவியத் இயற்பிய வேதியியல் இதழில் வெளியானது. பனிப்போர்க் காலத்தில் அவ்விதழ் மேற்குலகில் எத்தனை கைகளை எட்டியிருக்கும்?

1976இல் மொரினோபு எண்டோ, பிரான்சின் ஆக்னஸ் ஓபர்லினுடன் சேர்ந்து, இவ்விழைகளின் மையத்தில் மிக மெல்லிய குழாய் இருப்பதைப் படங்களோடு வெளியிட்டார். 1991இல் என்இசி நிறுவனத்தின் சுமியோ ஈஜிமா நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரைதான் உலகை உலுக்கியது. அதன் தலைப்பில்கூட நானோகுழாய் என்ற சொல் இல்லை. 'திருகுவடிவ நுண்குழல்கள்' என்றே இருந்தது. அடுத்த ஆண்டு, அதே நிறுவனத்தின் எப்பெசனும், கேரளத்தில் பிறந்து காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் உலோகவியல் பயின்ற புலிக்கல் அஜயனும் இவற்றைப் பெருமளவில் தயாரிக்கும் வழியை வெளியிட்டனர். அக்கட்டுரையின் தலைப்பில் 'கார்பன் நானோகுழாய்கள்' என்ற தொடர் இருக்கிறது.

'நானோகுழாய்களின் கண்டுபிடிப்புக்கான பெருமை யாருக்கு?' என்னும் பொருளில் 2006இல் கார்பன் இதழில் மாந்தியூவும் குஸ்நெத்சோவும் ஒரு தலையங்கம் எழுதினர். முதலில் படம்பிடித்தவர்கள் என்ற இடத்தைச் சோவியத் ஆய்வாளர்களுக்கு அளித்து, துறையை எழுப்பிய விளைவை ஈஜிமாவின் கட்டுரைக்கு அளித்தனர். நியாயமான பங்கீடு என்றே எனக்குத் தோன்றுகிறது. 1985இல் கால்பந்து வடிவக் கார்பன் மூலக்கூறு கண்டறியப்பட்டதால், 1991இல் வாசகர்கள் வளைந்த கார்பனைப் பார்க்கத் தயாராக இருந்தனர். 1952இல் அப்படி ஒரு வாசகக் கூட்டமே இல்லை.

மின்கலத்தில் நானோகுழாயின் கதை என்ன ஆனது? 1990களின் பிற்பகுதியில் அதை எதிர்முனையாகவே வைத்துப் பெருங் கொள்திறன் பெறலாம் என்று பலர் முயன்றனர். அதன் பெரும் பரப்பே பகையானது. முதல் மின்னேற்றத்திலேயே காப்புப் படலம் உருவாவதில் லித்தியத்தின் கணிசமான பகுதி மீளாமல் தங்கிவிட்டது. நிலையான மின்னழுத்தமும் கிடைக்கவில்லை. ஆனால் மின்முனைத் துகள்களைத் தம்முள் இணைக்கும் கடத்தியாக அது சிறந்தது. உருண்டைத் துகள்களாலான கார்பன் கருமை செய்யும் வேலையை, நீண்ட குழாய்கள் மிகக் குறைந்த அளவிலேயே வலைபோலப் பின்னிச் செய்தன. கொள்திறனில் கிராஃபைட்டைப் போல ஏறத்தாழ பத்து மடங்கான சிலிக்கான், லித்தியத்தை ஏற்கையில் பருமனில் மும்மடங்குக்குமேல் வீங்கும். அவ்வாறு வீங்கிச் சுருங்கும் துகள்களிடையே தொடர்பு அறுந்துவிடாமல் காக்க இன்று இந்த வலை உதவுகிறது.

*

கிராஃபீனில் வரிசை தலைகீழ். ஒற்றைத் தாள் கிராஃபைட்டை வாலஸ் 1947இல் கணக்கிட்டார். கிராஃபைட் ஆக்சைடை ஒடுக்கி மிக மெல்லிய தாள்களை போம் குழுவினர் 1962இல் பெற்றனர். 1986இல் போம், செட்டன், ஸ்டம்ப் மூவரும், இடைச்செருகல் சேர்மங்களுக்குப் பெயர்முறை வகுக்கும் கட்டுரையில், ஒற்றைத் தாளுக்குக் கிராஃபீன் என்று பெயரிட்டனர். 1994இல் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் அதை ஏற்றது. கைமும் நோவோசெலோவும் 2004இல் தாளைத் தனியே பிரித்து அதன் மின்பண்புகளை அளந்தபோது, பெயர் 18 ஆண்டுகளாகக் காத்திருந்தது. 2010இல் இயற்பியல் நோபல்.

இங்கே இடர் வேறு வகையில் வந்தது. கிராஃபீன் என்றால் ஒற்றைத் தாள் என்பது வரையறை. பெயருக்கு மதிப்பு கூடியதும் பெயர் பொருளைவிட்டு விலகத் தொடங்கியது. 60 நிறுவனங்களின் 'கிராஃபீன்' தூள்களைச் சோதித்து 2018இல் வெளியான ஆய்வொன்றில், பெரும்பாலானவற்றில் உண்மையான கிராஃபீன் 10 விழுக்காட்டுக்கும் குறைவு என்று தெரிந்தது. மீதி மெல்லிய கிராஃபைட். 'கிராஃபீன் பேட்டரி' என்று விளம்பரம் கண்டால், எத்தனை அடுக்கு, கலத்தில் எவ்வளவு விழுக்காடு, எந்த வேலைக்கு என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். இத்தகைய தூளின்மேல் ஆய்வுத்திட்டம் கட்டிய மாணவர் மூன்றாண்டு கழித்து முடிவுகள் ஏன் ஒத்துவரவில்லை என்று விழிப்பது நடக்கக்கூடியதே.

*

ஆய்வு மாணவர்களுக்கு இவ்வரலாற்றிலிருந்து இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, இலக்கிய ஆய்வைத் தற்காலப் பெயரோடு நிறுத்தாதீர்கள். 'நானோகுழாய்' என்று தேடினால் 1991க்குமுன் அநேகமாக எதுவும் கிடைக்காது. இழை, கசடு என்று தேடினால் கிடைக்கும். 'கிராஃபீன் ஆக்சைடு' என்று தேடினால் பிராடி அகப்படமாட்டார். ரஷ்ய, ஜப்பானிய, ஜெர்மானிய மூலங்களை அம்மொழி தெரிந்தவர் துணையோடு ஒருமுறையாவது பாருங்கள். இரண்டாவது, தமிழில் கலைச்சொல் ஆக்குவோர் ஃபாரடேயின் கவனத்தைக் கைக்கொள்ள வேண்டும். சொல் அழகாக இருந்தால் போதாது. அது பொருளின் எந்தப் பண்பைப் பற்றிக்கொள்கிறது, அப்பண்பு எல்லாச் சூழலிலும் மாறாததா என்று பார்க்க வேண்டும்.

இதற்குச் சோதனையாக ஒரு சொல் இப்போதே காத்திருக்கிறது. சோடியம் அயனிக் கலங்களுக்குக் கிராஃபைட் ஒத்துவருவதில்லை. சோடியம் அதன் அடுக்குகளுள் எளிதில் நுழைவதில்லை. அங்கே பயன்படுவது ஆங்கிலத்தில் 'ஹார்ட் கார்பன்' எனப்படுவது. எவ்வளவு சூடேற்றினாலும் சில கார்பன்கள் கிராஃபைட்டாக ஒழுங்குபடுவதில்லை என்பதை 1951இல் பகுத்துக் காட்டியவர் ரோசலிண்ட் ஃபிராங்க்லின். டிஎன்ஏ ஆய்வால் பெயர்பெற்ற அதே ஃபிராங்க்லின். அவர் 'கிராஃபைட்டாகாத கார்பன்' என்ற பொருளில் பெயரிட்டார். பின்னர் வழக்கில் 'கடினக் கார்பன்' வென்றது. அதை அப்படியே 'வன்கரி' என்று தமிழாக்கினால் கேட்போருக்கு வைரம் நினைவுக்கு வரும். 'அடுங்காக் கரி' என்றால்? தாள்கள் ஒழுங்காக அடுங்க மறுக்கும் கரி என்ற பொருளில். எனக்கே முழு நிறைவில்லை. சோடியம் கலங்கள் நம் பாடநூல்களுக்குள் வருவதற்குமுன் நல்ல சொல் ஒன்று வந்துவிட வேண்டும். வேதியியலாரும் தமிழாசிரியரும் உங்கள் பரிந்துரைகளைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். ஏன் அந்தச் சொல் என்ற காரணத்தோடு.